கணினி மொழியில் வழு மேற்செல்லும் நெறி

1996ஆம் ஆண்டு யூன் மாதம் 4ஆந் திகதி, தென் அமெரிக்காவின் வடகரையிலே பிரெஞ்சுக் கயானாவிலுள்ள கூறூ என்னும் ஏவுதளத்திலிருந்து, ஐரோப்பிய நாடுகள் கூடியமைத்த ‘ஆரியான் 5’ என்னும் ஏவுகலம் முதன்முறையாக எழுந்தது. பறப்பு வரிசை தொடங்கி ஏறக்குறைய 40 செக்கனில், 3,700 மீற்றர் உயரத்தில், அது தன் பாதையை விட்டுத் திடீரெனச் சாய்ந்து, உடைந்து, வெடித்துச் சிதறியது. பூமியின் காந்த மண்டலத்தை ஆராயவென அது சுமந்து சென்ற ‘கிளஸ்ரர்’ செய்மதிகள் நான்கும் உடன் அழிந்தன.

காரணத்தை ஆராய அமைந்த குழு அடுத்த மாதமே தன் அறிக்கையை வெளியிட்டது. கேடு எந்திரத்தில் இல்லை, செய்நிரலில் இருந்தது. கலத்தின் நிலையையும் அசைவையும் அளந்துரைக்கும் கருவியினுள் இயங்கிய செய்நிரல், 64 இரும இலக்கங்களாலாகிய தசம எண்ணொன்றை 16 இரும இலக்கங்களாலாகிய முழுவெண்ணாக மாற்ற முயன்றது. அச்சிறு கொள்கலத்தில் 32,767இற்கு மேற்பட்ட எண் அடங்காது. ஆரியான் 5, தனக்கு முந்திய ஆரியான் 4இலும் பார்க்கக் கிடைத்திசையில் விரைந்து செல்லும் இயல்பினது, ஆதலின் எண் எல்லை கடந்தது, வழு எழுந்தது. இதுகாறும் நிகழ்ந்தது சிறு பிழையே. பெருங்கேடு அதன் பின்னர் விளைந்தது. வழு எழுந்ததும் அக்கருவி, தனக்கு விதிக்கப்பட்டிருந்தவாறே, வழுவின் விவரத்தைக் கூறும் குறிகளை வெளியிட்டுவிட்டுத் தன் இயக்கத்தை நிறுத்திக்கொண்டது. கலத்தைச் செலுத்திய தலைமைக் கணினியோ அக்குறிகளை வழுவின் அறிவிப்பென உணரவில்லை. கலத்தின் நிலையைக் கூறும் அளவுகளெனவே அவற்றைப் படித்தது. படித்து, இல்லாத சாய்வைத் திருத்துவான் வேண்டி, பொறிகளின் வாய்களை முற்றாகத் திருப்பிற்று.

வழு எழுதல் இயல்பு. எழுந்த வழு அதனை ஆளவல்ல இடத்துக்கு எவ்வாறு சென்று சேர்கின்றது, சென்றவிடத்து எவ்வுருவில் நிற்கின்றது, அச்செலவைச் செய்நிரல் எழுதுவோன் தன் தேவைக்கேற்ப எவ்வளவு அமைத்துக்கொள்ளலாம் என்பனவே ஈண்டு ஆராயப்புகும் பொருள்.

முதலிற் சொல்லைப் பற்றி ஒரு சொல். நம் பௌதிக மாணவர் ‘பூச்சிய வழு’ என்பதை அறிவர். அளவீட்டில் நேரும் அத்தகைய வழுக்கள் கணிப்பினூடே பெருகுவது வேறு பொருள். அஃது ஈண்டுக் கருதப்படவில்லை. செய்நிரல் தன் செயலை முடிக்க இயலாது நிற்கும் நிலையையே வழு என்கின்றோம். இலக்கண நூலார் வழு, வழாநிலை, வழுவமைதி என மூன்று கண்டனர். வழுவாயினும் காரணம்பற்றி அமைத்துக்கொள்ளப்படுவது வழுவமைதி. கணினித் துறையிலும் இம்மூன்றும் உள. ஆயின் அமைத்துக்கொள்ளும் உரிமை யாருக்குரியது என்பதே அத்துறையின் பெருவினா.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு மேற்செல்வாம். வானிலை நிலையம் ஒன்றில் நாடோறும் பெய்த மழையின் அளவு, நாளொன்றுக்கு ஒரு வரியாக, மில்லிமீற்றர்க் கணக்கில் ஒரு கோப்பிலே பதியப்படுகின்றது எனக் கொள்க. மாதச் சராசரியைக் கணிக்கும் செய்நிரல் மூன்று படிகளாய் அமையும். மேற்படியிலுள்ள சார்பு, சராசரி யாதென வினவும். நடுப்படியிலுள்ள சார்பு கோப்பைத் திறந்து வரிவரியாய்ப் படிக்கும். கீழ்ப்படியிலுள்ள சார்பு ஒவ்வொரு வரியின் எழுத்துக்களையும் எண்ணாக மாற்றும். ஏவல் மேலிருந்து கீழே இறங்கும். விடை கீழிருந்து மேலே ஏறும். விடை ஏறும் அவ்வழியாலேயே வழுவும் ஏறல் வேண்டும். ஒருநாள் 120 எனப் பதிய வந்தவர் ஈற்றுப் பூச்சியத்துக்குப் பதிலாக ஆங்கில ‘ஓ’ எழுத்தைத் தட்டிவிட்டார். கீழ்ப்படிச் சார்பின்முன் இப்பொழுது ‘12ஓ’ என்பது நிற்கின்றது. அது யாது செய்தல் வேண்டும்?

1970களிலே தோன்றிய சீ மொழியின் நியம நூலகத்தில், எழுத்துத் தொடரை முழுவெண்ணாக்கும் பழைய சார்பு ஒன்று உண்டு. முன்னிற்கும் இலக்கங்களை மாத்திரம் படித்து எஞ்சியதை விட்டுவிடுதல் அதன் வழக்கு. இலக்கமே இல்லாவிடின் 0 என்று கூறும். எனவே மேற்படியார்க்கு 12 மில்லிமீற்றர் என்ற விடை கிடைக்கும். பெருமழை பெய்த நாள் தூறல் நாளாகிவிட்டது, எவரும் அறியார். அளவு பதியப்படாத நாளில் ‘இல்லை’ என எழுதியிருப்பின், அந்நாள் மழையற்ற நாளாகிவிடும். பதிவில்லாமை வேறு, மழையில்லாமை வேறு என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இதனைத் தவிர்க்கச் சிலர் -99 போன்ற ஓர் எண்ணை வழுவின் அடையாளமாக வைத்தனர். ஆயின் அதுவும் எண்ணே. மேற்படியிலுள்ளவன் சோதிக்க மறந்தானாயின், அவ்வெண்ணும் கூட்டப்பட்டுச் சராசரியிற் கலந்துவிடும். ஆரியானில் நிகழ்ந்ததும் இதுவே: வழுவும் தரவும் ஒரே உடை உடுத்து ஒரே வழியால் வந்தன.

இவ்விடர் நீங்க எழுந்த இரண்டாவது நெறி ‘புறநடை’ எனப்படும். 1960களில் வந்த பீஎல்-வண் மொழியிலேயே இதன் தொடக்கத்தைக் காணலாம். வழு எழுந்த விடத்துச் சார்பின் இயக்கம் முறிந்து, அதனை ஏற்பார் எவரேனும் உளரா எனத் தேடிக்கொண்டு வழு படிப்படியாய் மேலேறும். ஏற்பார் இலராயின் செய்நிரல் முழுவதும் நின்றுவிடும். இங்கு வழுவைத் தரவென மயங்க இடமில்லை, அது பெருநன்மை. ஆயின் இடைப்படிகளைப் படிக்கும் ஒருவனுக்கு எவ்வரியிலிருந்து எவ்வழு தாவிச் செல்லும் என்பது புலப்படாது. கண்ணுக்குத் தெரியாத வாயில் ஒவ்வொரு வரியிலும் உண்டு என்றே அவன் கொள்ளல் வேண்டும்.

1970களில் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே பாபரா லிஸ்கோவ் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் ஆக்கிய குளூ என்னும் மொழி இதற்கு ஒரு வரம்பு கட்டிற்று. வழு தன்னை நேரே ஏவியவனிடத்து மாத்திரமே செல்லும். அவன் அதனை ஏற்கலாம், அன்றித் தன் பெயரால் மேலே அனுப்பலாம். இரண்டும் செய்யானாயின் அது ‘தோல்வி’ என்னும் பொதுப்பெயர் பெற்றே மேற்செல்லும். இம்மொழி பரவலாய் வழங்கவில்லை. இதன் கருத்தோ பின்வந்தார் பலரை ஆண்டது. கீழ்ப்படியின் வழுவை மேற்படிக்கு அப்படியே கடத்துதல் தகாது. ஒவ்வொரு படியும் அதனைத் தன் மொழியிற் கூறல் வேண்டும் என்பதே அக்கருத்து. ‘சராசரி யாது?’ என்று கேட்டவனிடம் ‘செல்லாத இலக்கம்’ என்று விடைகூறுதல், மருந்து கேட்டுச் சென்றவனிடம் மருந்துச்சாலையின் பூட்டு வகையைக் கூறுதல் போலும்.

ஜாவா மொழியார், ஒரு சார்பு எவ்வெப் புறநடைகளை எழுப்பும் என்பதை அதன் தலைப்பிலேயே எழுதுக எனச் சிலவற்றுக்கு விதித்தனர். நோக்கம் நன்றே. விளைவோ எப்பொழுதும் நன்றாகவில்லை. தலைப்பிற் பட்டியல் நீளக்கண்டு சலித்தோர், வழுவை ஏற்பது போல ஏற்று ஒன்றும் செய்யாது விடும் வெற்றுக் கூற்றுக்களை எழுதினர். வழுவமைதி கூறும் உரிமை இல்லாதவன் கூறிய வழுவமைதி அது. 2002இல் வெளிவந்த அம்மொழியின் பதிப்பு, ஒரு புறநடை தனக்குக் காரணமான மற்றொன்றைத் தன்னுள்ளே சுமந்து செல்ல வழி செய்தது. மாற்றிக் கூறலாம், ஆயின் மூலத்தைத் தொலைக்கலாகாது என்பது இதனால் ஒருவாறு நிறைவேறிற்று.

இனி, இப்பொருளிலே யாம் மிகுதியும் கருதற்பாலது றஸ்ற் என்னும் மொழி. கிறேடன் ஹோர் என்பார் 2006இல் தம் தனி முயற்சியாகத் தொடங்கி, பின்னர் மொஸில்லா நிறுவனத்தின் ஆதரவுபெற்று வளர்ந்த இம்மொழியின் முதற் பதிப்பு 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளிவந்தது. இதனுள் ஜாவாவின் புறநடை போல்வதொன்று இல்லை. தோல்வியுறக்கூடிய சார்பு ‘றிசல்ற்’ என்னும் பேழையொன்றை விடையாகக் கொடுக்கும். அப்பேழையுள் இருப்பது இரண்டிலொன்று: ‘ஓகே’ என்னும் முத்திரையிட்ட விடை, அன்றேல் ‘எர்’ என்னும் முத்திரையிட்ட வழு. முத்திரையைப் பாராது உள்ளிருப்பதை எண்ணெனக் கூட்டத் தொகுப்பி இடங்கொடாது. வழுவும் விடையும் ஒரே வழியால் வருகின்றன. உடை மாத்திரம் வேறு.

ஆயின் ஒவ்வொரு படியிலும் பேழையைத் திறந்து, முத்திரை பார்த்து, வழுவெனின் மேலே அனுப்பு என எழுதுதல் பெருந்தொல்லை. 2009இல் அறிமுகமான கோ மொழியார் இத்தொல்லையை அறிந்தே ஏற்றனர். அம்மொழியின் செய்நிரல்களில் ‘வழு வெறுமையன்றாயின்’ என்னும் கூற்று அடிக்கடி வருவதைக் காணலாம். அதனைச் சுருக்கும் முன்மொழிவுகள் பல எழுந்து வீழ்ந்தபின், 2025இல் அம்மொழிக் குழுவினர் இதற்கெனப் புதுத் தொடரியல் தேடும் முயற்சியை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தனர். றஸ்ற் மொழியார் வேறு வழி கொண்டனர். 2016ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த 1.13ஆம் பதிப்பிலிருந்து, ஏவற்கூற்றின் ஈற்றில் ஒரு வினாக்குறி இட்டாற் போதும். விடையெனின் பேழையிலிருந்து எடுத்துத் தரப்படும். வழுவெனின் அச்சார்பு அவ்விடத்தே முடிந்து வழு மேற்செல்லும். குறி மிகச் சிறிது. கண்ணுக்குத் தப்பிவிடும் என அஞ்சியோரும் உளர். எனினும் வாயில் உள்ள வரி எது, இல்லாத வரி எது என்பதை அது காட்டிவிடுகின்றது.

இவ்வினாக்குறியின் நுட்பம் இன்னும் உண்டு. வழுவை மேலே அனுப்புமுன், அதனை ‘ஃபுறொம்’ என்னும் பண்பினூடாகச் செலுத்துதல் இதன் இயல்பு. ‘இதிலிருந்து’ என்பது அப்பெயரின் பொருள். ஒருவகை வழுவிலிருந்து மற்றொருவகை வழுவை ஆக்கும் விதியை எழுதுவோன் தானே வகுத்தல் கூடும். நம் எடுத்துக்காட்டில் நடுப்படிச் சார்புக்கெனப் ‘பதிவு வழு’ என ஒரு வகையை அமைத்து, கோப்புத் திறவாமை, எண் அல்லாமை, பதிவே இல்லாமை என மூன்று கிளைகளை அதற்குக் கொடுப்போம். கோப்பு வழுவிலிருந்து முதற்கிளையை ஆக்குக, எண்மாற்று வழுவிலிருந்து இரண்டாங் கிளையை ஆக்குக என இரு விதிகளை எழுதிவிட்டால், பின்னர் நடுப்படிச் சார்பினுள் வினாக்குறிகளே போதும். விதி எழுதப்படாத வழுவொன்று வருமாயின் தொகுப்பி செய்நிரலையே ஏற்க மறுக்கும். குளூ மொழியின் கொள்கை இங்கே வேறு உருவில் வாழ்கின்றது: படிதோறும் வழு மொழிபெயர்க்கப்படுகின்றது, மொழிபெயர்ப்போன் செய்நிரல் எழுதுவோனே.

இத்துணையும் கற்ற மாணவன் பெருமகிழ்ச்சி கொண்டு எல்லா வழுக்களுக்கும் ‘ஃபுறொம்’ விதிகளை எழுதத் தலைப்படுவான். ஈண்டுத்தான் எச்சரிக்கை வேண்டும். அவ்விதி காண்பது வழுவை மாத்திரமே. வழு எழுந்த இடத்தை அது காணாது. றஸ்ற் மொழியின் நியம நூலகத்தில் கோப்புத் திறவா வழு, கோப்பின் பெயரைக் கூறுவதில்லை. அத்தகைய கோப்பு இல்லை என்று மாத்திரம் கூறும். எண்மாற்று வழுவோ, தொடரிற் செல்லாத இலக்கம் காணப்பட்டது என்னும். எத்தொடர், எவ்வரி என்பதறியாது. நம் செய்நிரல் மழைப்பதிவுக் கோப்பையும் நிலையங்களின் பட்டியற் கோப்பையும் திறக்குமாயின், இரண்டிலும் எழும் வழு ஒரே வகையினது. ஒருவகையிலிருந்து மற்றொருவகைக்கு ஒரே விதிதான் எழுதலாம். ஆதலின் இரண்டும் ஒரே கிளையிற் சென்று விழும். எக்கோப்பு இல்லை என்பதை மேற்படியிலுள்ளவன் ஒருபோதும் அறியான். முத்திரை சரி, வகை சரி, தொகுப்பியும் தடை கூறவில்லை. செய்தி மாத்திரம் வழியில் தொலைந்தது.

இதற்கு மருந்தும் அம்மொழியிலேயே உண்டு. வினாக்குறிக்கு முன்னர் ‘மப்-எர்’ என்னும் செயலை இடையிட்டால், வழுவாயின் மாத்திரம் அவ்விடத்துக்குரிய மாற்றத்தைச் செய்யலாம். அவ்விடத்தே கோப்பின் பெயரும் வரியின் எண்ணும் கைக்கெட்டியனவாய் இருக்கின்றன. அவற்றை வழுவோடு கட்டி அனுப்புதல் எளிது. பொதுவிதியாலும் இடவிதியாலும் ஆகும் பயன் வெவ்வேறு. வழு எங்கெழுந்தாலும் அதன் பொருள் ஒன்றேயாயின் ‘ஃபுறொம்’ தகும். இடத்தாற் பொருள் வேறுபடுமாயின் ‘மப்-எர்’ வேண்டும். என் கருத்தில், தொடக்கநிலை மாணவர் முன்னதைக் குறைத்துப் பின்னதைப் பெருக்குதல் நலம். எழுதும் வரிகள் சில கூடும், அதனாற் குற்றமில்லை.

மூலவழுவைத் துறவாதிருத்தலும் வேண்டும். ‘சோர்ஸ்’ என்னும் சார்பின்வழி, ஒரு வழு தன்னைத் தோற்றுவித்த வழுவைச் சுட்டலாம். அதுவும் தனக்கு முந்தியதைச் சுட்டலாம். கிளைகளை வகுத்து எழுதும் உழைப்பைக் குறைப்பதற்கும், எவ்வகை வழுவையும் ஒரே பொதியிலிட்டுக் குறிப்புரை சேர்ப்பதற்கும் தனித்தனி நூலகங்கள் உள. பிறர் பயன்படுத்தவென நூலகம் எழுதுவோர் கிளைகளை வகுத்தலே முறை. ஏனெனில் எவ்வழுவை எவ்வாறு ஆள்வது என அப்பிறர் தேர்ந்தெடுத்தல் வேண்டும். இறுதியில் ஒரு மனிதன் படிக்கும் செய்தியே வேண்டுமெனின் பொதி போதும்.

வினாக்குறி வழுவுக்கே உரியதன்று என்பதையும் ஈண்டுக் கூறிச் செல்வாம். 2017ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து அது ‘ஒப்ஷன்’ என்னும் பேழைக்கும் இடப்படலாயிற்று. அப்பேழை, உண்டு அல்லது இல்லை என்பதை மாத்திரம் கூறும்; ஏன் இல்லை எனக் கூறாது. இல்லாமையை வழுவாக மேலே அனுப்பவேண்டின், அதற்கொரு பெயரை எழுதுவோனே கொடுத்தல் வேண்டும். தானாக மாற மொழி இடந்தராது. நன்று. இப்பேழைகளையன்றி ஒருவன் தானே படைத்த வகைக்கும் வினாக்குறியை உரித்தாக்கும் பொருட்டு ‘றை’ என்னும் பண்பு வகுக்கப்பட்டது. தொடர்வதா, முறிந்து வெளியேறுவதா என்னும் இரண்டிலொன்றை அவ்வகை தானே தீர்மானித்துக் கூறும். இவ்வாயில் நெடுங்காலம் சோதனைப் பதிப்பினருக்கே திறந்திருந்தது. ஆயின் அதனோடு தோன்றிய ‘கொன்றோல்-ஃபுளோ’ என்னும் வகை 2021ஆம் ஆண்டில் எல்லார்க்கும் உரியதாயிற்று. தேடிய பொருள் கிடைத்ததும் தேடலை முறித்து வெளியேறுதல் வழுவன்று, வெற்றியே. அதற்கும் அவ்வழியே பயன்படும்.

ஆரியானுக்கு மீள்வாம். இத்தகைய மொழியில் எழுதியிருப்பின் அக்கலம் தப்பியிருக்கும் எனச் சிலர் எண்ணக்கூடும். அஃது ஐயத்துக்குரியது. றஸ்ற் மொழியிலும் ‘அஸ்’ என்னும் சுருக்கக் கூற்றால் தசம எண்ணைச் சிறு முழுவெண்ணாக்கலாம். 2020இல் வந்த பதிப்பிலிருந்து அது எல்லை கடந்தவிடத்து 32,767 என்ற உச்ச எண்ணைத் தந்துவிட்டு வாளாவிருக்கும். வழுவே எழாதவிடத்து அது மேற்செல்லும் நெறி யாது பயக்கும்? மேலும், ஆரியானின் செய்நிரல் எழுதப்பட்ட ஏடா மொழி புறநடையை முறையாகவே எழுப்பிற்று. எல்லை கடக்கக்கூடிய ஏழு மாறிகளுள் நான்குக்கே காவல் இடப்பட்டிருந்தது. கணினியின் சுமை 80 வீதத்தை விஞ்சலாகாது என்ற வரம்பினால் எஞ்சிய மூன்று காவலின்றி விடப்பட்டன. அவை எல்லை கடவா எனக் காட்டிய கணிப்பு ஆரியான் 4இன் பாதைக்கே பொருந்துவது.

பெருந்தவறு மேற்செல்லும் விதியை வகுத்ததிலேயே இருந்தது. வழு எழுமாயின் அது கருவியின் தற்செயலான பழுதாகவே இருக்கும். ஆதலின் பழுதுற்ற கருவி தன்னை நிறுத்திக்கொள்க, துணைக்கருவி பொறுப்பேற்கும் என்பது வகுத்தோர் எண்ணம். துணைக்கருவியிலும் இயங்கியது அதே செய்நிரல். அது சற்று முன்னரே அதே காரணத்தால் நின்றுவிட்டது. வழுவைப் பிறப்பித்த கணிப்போ, புறப்படுமுன் கருவியை நேர்ப்படுத்தவே வேண்டப்படுவது. ஆரியான் 5 தரையை விட்டு எழுந்தபின் அதனால் ஒரு பயனும் இல்லை. பயனற்ற கணிப்பொன்றின் வழு, பயனுள்ள கருவி முழுவதையும் நிறுத்திற்று. வழுவமைதி கூறத்தக்க இடம் ஒன்று உண்டெனின் அதுவே. ஆயின் அதனைக் கூறும் உரிமை எச்சார்புக்கும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை.

ஆராய்ந்த குழுவினர் தம் பரிந்துரைகளில், எழுந்தவுடனே அந்நேர்ப்படுத்தற் கணிப்பை நிறுத்துக என்றனர். எவ்வளவைக் கருவியும் தன்னால் இயன்ற சிறந்த தரவை அனுப்புவதை நிறுத்திவிட இடங்கொடாதீர் என்றனர். இயலுமிடத்தெல்லாம் புறநடையை அஃதெழுந்த பணியின் எல்லைக்குள்ளேயே அடக்கி, அதற்கு மாற்று வழி வகுப்பது பற்றி ஆலோசிக்குமாறும் கேட்டுக்கொண்டனர்.